மக்காச்சோளத்தில் பூஞ்சாண நோய்கள்: விதைப்புக்கு முன்னும் அறுவடைக்குப் பின்னும்

ஐப்பசி மாதத்து விடியற்காலையில் பெரம்பலூர்ப் பக்கத்துக் கரிசல் காடு ஒன்றில் இறங்கி, இருபது நாள் வயதுள்ள மக்காச்சோளப் பயிரின் இலைகளைத் திருப்பிப் பார்த்தால், சில செடிகளில் இலையின் அடிப்பக்கம் முழுவதும் அரிசி மாவைத் தூவியதுபோல் வெண்மை படிந்திருக்கும். விரலால் தேய்த்தால் அது ஒட்டிக்கொண்டு வரும். வெயில் ஏறியபின் அதே செடியிடம் போனால் அந்த வெண்மை பெரும்பாலும் மறைந்து, இலையின் நீளவாக்கில் ஓடும் வெளிறிய மஞ்சள் கோடுகள் மட்டுமே கண்ணுக்குத் தெரியும். காலை பத்து மணிக்குமேல் காட்டைச் சுற்றிப் பார்ப்பவர்கள் அந்தக் கோடுகளைச் சத்துக் குறைபாடு என்று எண்ணித் துத்தநாக சல்பேட்டையோ யூரியாவையோ வாங்கப் போய்விடுவதற்கு இதுவே காரணம். உண்மையில் அது அடிச்சாம்பல் நோய். அதைக் கண்டறிந்த நாளில், அந்தச் செடியைப் பொறுத்தவரை செய்வதற்கு ஏறத்தாழ எதுவுமே மிச்சமிருக்காது.

மக்காச்சோளத்தின் நோய் மேலாண்மையைப் பற்றி எழுதும்போது இந்தக் கடைசி வாக்கியத்தையே முதலில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். நோயைப் பார்த்தபின் மருந்துக்கடைக்குப் போவது நம்மிடம் ஊறிப்போன வழக்கம். ஆனால் இந்தப் பயிரைத் தாக்கும் முக்கிய நோய்களில் பலவற்றுக்கு, எந்த விதையை வாங்கினோம், அதை எதனால் நேர்த்தி செய்தோம், எந்த நாளில் விதைத்தோம், அதற்குமுன் அந்த நிலத்தில் என்ன இருந்தது ஆகிய நான்கு கேள்விகளின் விடையில்தான் விளைச்சல் தங்கியிருக்கிறது.

அடிச்சாம்பல் நோயை எடுத்துக்கொள்வோம். தென்னிந்தியாவில் இதை உண்டாக்குவது பெரனோஸ்கிளிரோஸ்போரா சோர்கி என்ற நுண்ணுயிரி. இரவு முற்றி, இலைமேல் பனியீரம் படர்ந்து, வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸை ஒட்டி இறங்கும் வேளையில் இது இலையின் அடிப்பக்கத்தில் வித்துகளை உண்டாக்கி, விடிவதற்குள் காற்றில் விட்டுவிடுகிறது. அந்த வித்துகள் மிக மெல்லியவை. வெயில் பட்டால் காய்ந்து மடிந்துவிடும். ஆனால் அதற்குள் அடுத்த காட்டில் அப்போதுதான் முளைத்திருக்கும் இளஞ்செடியின் குருத்தில் ஒரு வித்து விழுந்து, அங்கே ஈரமும் இருந்துவிட்டால், அது குருத்துக்குள் இறங்கிச் செடி முழுவதும் பரவிவிடும். அப்படிப்பட்ட செடி குட்டையாகி, இலைகள் விறைத்து மேல்நோக்கி நிற்கும். சிலவற்றில் ஆண்பூங்கொத்து பூக்காமல் பச்சை இலைக் கொத்தாகத் திரிந்துபோகும். கதிர் பிடிக்காது, பிடித்தாலும் மணி இருக்காது. பத்துச் செடியில் மூன்று இப்படி ஆனால், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விளைச்சல் போயிற்று என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். அண்டைச் செடிகள் சற்றுத் தழைத்து ஈடுகட்டுவது கொஞ்சமே.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. இந்த ஆபத்து செடியின் முதல் மூன்று, நான்கு வாரங்களுக்கு மட்டுமே உரியது. அந்தப் பருவத்தைத் தாண்டிய செடியில் வித்து விழுந்தாலும் அது செடி முழுவதும் பரவுவது அரிது. ஆகவே ஒரு மாதக் குழந்தையைப் பார்த்துக்கொள்வதுபோல் அந்த இளம் பருவத்தைக் காத்துவிட்டால் போதும்.

எதைக் கொண்டு காப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். நாம் பூஞ்சாண நோய் என்று ஒரே சொல்லால் அழைத்தாலும், அடிச்சாம்பல் நோய்க் கிருமி உயிரியல் வகைப்பாட்டில் உண்மையான பூஞ்சாணம் அன்று. அது பழுப்புப் பாசிகளுக்கு உறவான வேறொரு கூட்டத்தைச் சேர்ந்தது. பூஞ்சாணத்தின் செல்சுவருக்கு உறுதி தருவது கைட்டின். இதன் செல்சுவரில் இருப்பதோ செல்லுலோஸ். பூஞ்சாணத்தின் செல்சவ்வுக்கு அடிப்படையான எர்கோஸ்டீரால் என்ற பொருளை இது தயாரிப்பதில்லை. எர்கோஸ்டீரால் உருவாவதைத் தடுத்தே வேலை செய்யும் டிரையசோல் வகை மருந்துகள், புரோப்பிகோனசோல், டெபுகோனசோல் போன்றவை, இதன்மேல் பயனற்றுப் போவதற்குக் காரணம் அதுவே. நெல்லிலிருந்து நிலக்கடலை வரை எல்லாவற்றுக்கும் கைவைத்தியம்போல் நாம் பயன்படுத்தும் கார்பென்டசிம்மும் இதனிடம் எடுபடாது. மக்காச்சோள விதையைக் கார்பென்டசிம்மில் மட்டும் கலந்து விதைத்துவிட்டு, விதைநேர்த்தி செய்தும் அடிச்சாம்பல் வந்துவிட்டதே என்று வருந்துபவர்களைப் பார்த்திருக்கிறேன். குறை அவர்களுடைய உழைப்பில் இல்லை; மருந்துக்கும் நோய்க்கும் இடையே பொருத்தமே இல்லை.

இதற்கு உரிய மருந்து மெட்டலாக்சில். 1970-களின் இறுதியில் புழக்கத்துக்கு வந்த இது, செடிக்குள் ஊடுருவி, முளைத்து வரும் குருத்தோடு மேலேறுகிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரைப்படி, ஒரு கிலோ விதைக்கு 6 கிராம் மெட்டலாக்சில் கலந்து விதைநேர்த்தி செய்ய வேண்டும். விதைத்த 20-ஆம் நாள் அளவில், தேவைப்பட்டால், மெட்டலாக்சிலும் மேன்கோசெப்பும் சேர்ந்த கலவையை எக்டருக்கு 1 கிலோ வீதம் தெளிக்கலாம். நோய் தெரியும் செடிகளைப் பிடுங்கிக் காட்டுக்கு வெளியே கொண்டுபோய்ப் புதைத்துவிடுவதும் அந்தப் பரிந்துரையின் பகுதிதான். பிடுங்குவதற்கு மனம் வராது. நின்றால் ஏதோ கொஞ்சம் காய்க்காதா என்று தோன்றும். ஆனால் நிற்கும் ஒவ்வொரு நோய்ச்செடியும் ஒவ்வொரு பனி இரவிலும் பக்கத்துச் செடிகளுக்கு வித்துகளை அனுப்பிக்கொண்டே இருக்கும்.

இங்கே ஒரு நடைமுறைச் சிக்கலைச் சொல்லியாக வேண்டும். இன்று வீரிய ஒட்டு விதைகள் பெரும்பாலும் இளஞ்சிவப்பு, பச்சை, நீலம் என ஏதாவது ஒரு வண்ணம் பூசியே பைகளில் வருகின்றன. வண்ணத்தைப் பார்த்ததும் விதைநேர்த்தி முடிந்துவிட்டது என்ற நிம்மதி வந்துவிடுகிறது. வண்ணம் சொல்வது, ஏதோ ஒரு மருந்து பூசப்பட்டிருக்கிறது என்பதை மட்டுமே. அது படைப்புழுவுக்கான பூச்சிக்கொல்லியாக மட்டும் இருக்கலாம். பையின் பின்புறம் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் மருந்தின் பெயரைப் படித்து, அடிச்சாம்பல் வழக்கமாக வரும் ஊராக இருந்தால் அதில் மெட்டலாக்சில் உண்டா என்று கடைக்காரரிடம் கேட்பது, பிறகு தெளிக்கப்போகும் எத்தனையோ டேங்க் மருந்தைவிடப் பெறுமதியானது.

ஒரே மருந்தை நம்பியிருப்பதிலும் ஆபத்து இருக்கிறது. அமெரிக்காவின் டெக்சாஸ் கடலோரப் பகுதியில் 2001-இல், மெட்டலாக்சில் நேர்த்தி செய்த சோள வயல்களிலேயே (இந்நோய் சோளத்துக்கும் வரும்) அடிச்சாம்பல் பரவியபோது, அங்கிருந்த கிருமி அந்த மருந்துக்கு எதிர்ப்புத்திறன் பெற்றுவிட்டது தெரியவந்தது. ஆகவே மருந்தோடு மற்ற வழிகளும் கைகோக்க வேண்டும். அவற்றில் முதன்மையானது விதைக்கும் நாள். புரட்டாசிப் பட்டத்தில் ஓர் ஊரே ஒரே வாரத்தில் விதைத்து முடித்தால், எல்லாப் பயிரும் ஒன்றாகவே அந்த ஆபத்தான மூன்று வாரத்தைக் கடந்துவிடும். மழையைப் பார்த்து, ஆள் கிடைப்பதைப் பார்த்து, பத்துப் பத்து நாள் தள்ளி விதைக்கும்போது, முன்னால் விதைத்த காட்டில் வித்துகள் பெருகும் நேரமும் பின்னால் விதைத்த காட்டின் இளம் பருவமும் ஒன்றாகிவிடுகின்றன. கடைசியாக விதைத்தவரின் காட்டிலேயே நோய் அதிகம் தெரிவதற்கு இதுதான் விளக்கம். அதில் அவருடைய அதிர்ஷ்டத்தைக் குறைசொல்ல ஏதுமில்லை.

இன்னொன்று, முன்பயிர். இக்கிருமி நம் நாட்டுச் சோளத்தையும் தாக்குகிறது. நோயுற்ற சோள இலை நார்நாராகக் கிழியும்போது தடித்த சுவர் கொண்ட வித்துகள் மண்ணில் கொட்டி, ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தீவனச் சோளம் அறுத்த காட்டில் அடுத்ததாக மக்காச்சோளம் போடுவது, அந்த வித்துகளுக்கு விருந்து வைப்பதற்குச் சமம். பருத்தி, உளுந்து, எள், சூரியகாந்தி என்று மாற்றுவது நல்லது. மக்காச்சோளம் மெக்சிகோவில் பிறந்த பயிர். இந்த அடிச்சாம்பல் கிருமிகளோ ஆசியா, ஆப்பிரிக்கா முதலிய பழைய உலகின் புல்லினங்களில் வாழ்ந்தவை. ஆசியாவுக்கு வந்த இடத்தில்தான் இந்தப் பயிர் அவற்றைச் சந்தித்தது. அதனால் எதிர்ப்புத்திறனைத் தேடியவர்களும் ஆசியாவிலேயே அதிகம். தாய்லாந்தில் 1970-களின் நடுப்பகுதியில் வெளிவந்த சுவான்-1 என்ற ரகம் அடிச்சாம்பலைத் தாங்கும் ஆற்றலால் புகழ்பெற்று, பிற நாடுகளின் ரக உருவாக்கத்துக்கும் தாயாக அமைந்தது. கோவையிலும் இந்நோயைத் தாங்கும் ரகங்களைத் தேர்ந்தெடுக்கும் பணி நெடுங்காலமாக நடந்துவருகிறது.

அடிச்சாம்பல் இளமையில் வரும் நோய் என்றால், இலைக்கருகல் நோய்கள் வளர்ந்த பயிருக்கு வருபவை. இவை உண்மையான பூஞ்சாணங்கள். நம்மிடம் இரண்டு வகை காணப்படும். ஒன்று டர்சிகம் இலைக்கருகல். சுருட்டு வடிவில், விரல் நீளத்துக்கும் அதற்கு மேலும் நீளும் சாம்பல் பழுப்புப் புள்ளிகள் கீழ் இலைகளில் தொடங்கி மேலேறும். குளிர்ச்சியும் இலைமேல் நெடுநேரம் தங்கும் ஈரமும் இதற்குப் பிடித்தவை. மற்றொன்று மேடிஸ் இலைக்கருகல். நரம்புகளுக்கு இடையே அடைபட்டதுபோல் சிறிய, ஏறத்தாழ செவ்வக வடிவப் புள்ளிகளைக் காட்டும். வெப்பமும் ஈரமும் சேர்ந்த காலத்தில் பெருகும். இரண்டும் முந்தைய பயிரின் காய்ந்த சருகிலும் தட்டையிலும் தங்கியிருந்து அடுத்த பருவத்தில் எழுகின்றன. தட்டையை மாட்டுக்கு அறுத்து எடுத்துக்கொண்டு மிச்சத்தை ஆழமாக உழுது மடக்கினாலே நோயின் தொடக்கம் குறைந்துவிடும்.

மேடிஸ் கருகல் என்றால் 1970-ஆம் ஆண்டைச் சொல்லாமல் கடக்க முடியாது. வீரிய ஒட்டு மக்காச்சோள விதை தயாரிக்கத் தாய்ச்செடியின் ஆண்பூங்கொத்தை ஒவ்வொன்றாகக் கையால் ஒடிக்க வேண்டும். அந்தக் கூலிச் செலவைத் தவிர்க்க, மகரந்தமே உண்டாகாத தாய்ச்செடிகளை அமெரிக்க விதை நிறுவனங்கள் பயன்படுத்தத் தொடங்கின. அந்தப் பண்பு டெக்சாஸ் சைட்டோபிளாசம் என்ற ஒரே மூலத்திலிருந்து எடுக்கப்பட்டது. 1970-இல் அந்நாட்டில் விதைக்கப்பட்ட மக்காச்சோளத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் அந்த மூலத்தைத் தாங்கியிருந்தது. அதைத் தாங்கிய செடிகள் மேடிஸ் கருகலுக்கு எளிதில் இரையாகின்றன என்று பிலிப்பைன்ஸில் 1960-களின் தொடக்கத்திலேயே எச்சரிக்கப்பட்டிருந்தது. அது உரிய கவனம் பெறவில்லை. அந்தப் பூஞ்சாணத்தில் டி என்று பெயரிடப்பட்ட ஓர் இனம், இந்தச் செடிகளின் மைட்டோகாண்டிரியாவை மட்டும் குறிபார்த்துத் தாக்கும் நச்சைச் சுரந்தது. தெற்கே தொடங்கிய நோய், காற்றோடும் மழையோடும் ஒரே கோடையில் வடக்கு மாநிலங்கள் வரை ஏறிவிட்டது. நாட்டின் மொத்த மகசூலில் ஏறத்தாழ 15 சதவீதமும், அன்றைய மதிப்பில் சுமார் 100 கோடி டாலரும் இழப்பு. அதன்பிறகு விதைத் தோட்டங்களில் மீண்டும் கையால் பூங்கொத்து ஒடிக்கத் தொடங்கினார்கள்.

அந்தப் பூஞ்சாணம் அதற்கு முன்பும் அங்கே இருந்ததுதான். பெரிய தொல்லையாக இல்லை. எங்கு பார்த்தாலும் ஒரே உடல்வாகு கொண்ட பயிரை விரித்து வைத்ததும் அதற்கு வழி திறந்துவிட்டது. நம் ஊர்களிலும் ஒரு பருவத்தில் ஒரு நிறுவனத்தின் ஒரு ரகம் நன்றாக வந்துவிட்டால், அடுத்த பருவத்தில் ஊர் முழுக்க அதே பைதான். நான்கு ஏக்கர் வைத்திருப்பவர் இரண்டு ரகங்களைப் பிரித்துப் போடுவதில் பெரிய செலவு எதுவும் இல்லை.

இலைக்கருகலுக்கு மருந்து உண்டு, அது பயனும் தரும். கேள்வி எப்போது என்பது. மணியில் ஏறும் மாவுச்சத்தின் பெரும்பகுதியைத் தயாரிப்பவை கதிரை ஒட்டிய இலையும் அதற்கு மேலுள்ள இலைகளும். கதிரில் நூல் வெளிவருவதற்கு முன்பே கருகல் அந்த இலைகளைத் தொட்டுவிட்டால் பாதி விளைச்சல்கூடப் போகலாம். நூல் வந்து ஆறு வாரங்களுக்குப் பிறகு நோய் ஏறினால் பெரிய இழப்பு இருக்காது. எனவே பூக்கும் தறுவாயில் காட்டுக்குள் புகுந்து, கதிர் இலைக்குக் கீழுள்ள மூன்று இலைகளைப் பார்க்க வேண்டும். அவற்றில் சுருட்டுப் புள்ளிகள் பல செடிகளில் தென்பட்டு, மேகமூட்டமும் பனியும் தொடரும் என்றால், ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டரை கிராம் மேன்கோசெப் கலந்து பத்து நாள் இடைவெளியில் தெளிக்கலாம். கீழ் இலைகளில் நாலைந்து புள்ளிகள் மட்டும் இருந்து வானம் தெளிந்துவிட்டால் காத்திருக்கலாம். தலைக்குமேல் வளர்ந்த பயிருக்குள் கைத்தெளிப்பானோடு நடப்பவரின் முகத்திலும் மூச்சிலும் பாதி மருந்து விழுகிறது என்பதையும் இந்த முடிவில் சேர்த்தே எண்ண வேண்டும். தேவையில்லாத ஒரு தெளிப்பைத் தவிர்ப்பது பணத்தை மட்டும் காக்கும் செயல் அன்று.

துரு நோயைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பின்பருவத்தில் செம்பழுப்புக் கொப்புளங்களாக வரும், பெரும்பாலான ஆண்டுகளில் தாங்கக்கூடியதே. நெல் வயலைத் தொடர்ந்து மக்காச்சோளம் போடுவோர் இலையுறைக் கருகலை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும். நெல்லைத் தாக்கும் ரைசாக்டோனியாவே மண்ணிலிருந்து அடிமட்டைகளில் பட்டை பட்டையாக ஏறும். தரையை ஒட்டிய இரண்டு மூன்று இலைகளை மட்டையோடு உரித்து எடுத்துவிடுவது அதன் ஏணியை எடுத்துவிடுவதாகும்.

மானாவாரிக் காடுகளில் இதைவிடக் கொடியது கரித் தண்டழுகல். கார்த்திகைக்குப் பிறகு மழை நின்று, பயிர் பூத்துப் பால்பிடிக்கும் நேரத்தில் மண் வறண்டு சூடானால், அதுவரை பச்சையாக நின்ற காடு ஒரே வாரத்தில் சருகாகிச் சாயும். சாய்ந்த தட்டையின் அடிக்கணுவைக் கத்தியால் நெடுக்காகப் பிளந்தால், உள்ளே இருக்கும் மெத்தென்ற சோற்றுப்பகுதி அழிந்து நார்கள் மட்டும் தனித்தனியாகத் தொங்கும். அந்த நார்களின்மேல் மிளகைப் பொடித்துத் தூவியதுபோல் கறுப்புத் துகள்கள் ஒட்டியிருக்கும். அவை மாக்ரோஃபோமினா என்ற பூஞ்சாணத்தின் உறங்கும் விதைகள். மண்ணில் பல ஆண்டுகள் கிடக்கும். சாயத் தொடங்கிய பயிருக்கு எந்த மருந்தைத் தெளித்தும் பயன் இல்லை. பூக்கும் சமயத்தில் ஒரு தண்ணீர் விட வழியிருந்தால் அதுவே மருந்து. இந்நோய் வழக்கமாக வரும் நிலத்தில் எக்டருக்கு 80 கிலோ சாம்பல்சத்து (பொட்டாஷ்) கிடைக்கும்படி இட வேண்டும். தழைச்சத்தை மட்டும் அள்ளிக் கொட்டுவதையும், இடைவெளி குறைத்து நெருக்கி விதைப்பதையும் விட்டுவிட வேண்டும். யூரியா போட்ட மறுவாரமே பயிர் கறுத்துத் தழைப்பது கண்ணுக்குத் தெரிகிறது. பொட்டாஷ் தண்டுக்குள் செய்யும் வேலை தெரிவதில்லை. அதனால்தான் கையில் பணம் குறையும்போது முதலில் பொட்டாஷ் மூட்டை கழிக்கப்படுகிறது.

அறுவடையோடு பூஞ்சாணத்தின் கதை முடிந்துவிடுவதில்லை. அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பச்சைப் பூஞ்சாணம் கதிரில் தொடங்கிக் களத்திலும் கிடங்கிலும் வளர்ந்து, அஃப்லாடாக்சின் என்ற நச்சை மணியில் விட்டுச் செல்கிறது. இந்த நச்சு 1960-இல் இங்கிலாந்தில், பூஞ்சாணம் பிடித்த நிலக்கடலைப் பிண்ணாக்கைத் தின்ற ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தபோதுதான் கண்டறியப்பட்டது. 1974-இல் ராஜஸ்தான், குஜராத் எல்லையோரப் பழங்குடிக் கிராமங்களில், மழையில் நனைந்து பூஞ்சாணம் பூத்த மக்காச்சோளத்தை உண்ட 397 பேர் கல்லீரல் பாதிப்புக்கு ஆளாகி, 106 பேர் இறந்தார்கள். கென்யாவில் 2004-இல் அதே வகைத் துயரத்தில் 125 பேர் இறந்தனர். வேகவைப்பதால் இந்நச்சு அழிவதில்லை. இந்தியாவில் உணவுத் தானியத்தில் இது கிலோவுக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. நம் மக்காச்சோளத்தில் பெரும்பகுதி நாமக்கல் பகுதிக் கோழிப்பண்ணைகளுக்குத் தீவனமாகப் போவதால், மண்டியில் விலை பேசும்போது ஈரப்பதமும் பூஞ்சாணமும்தான் முதல் பேச்சாக இருக்கின்றன.

இந்தப் பூஞ்சாணம் கதிருக்குள் நுழைய வழி வேண்டும். பால்பிடிக்கும் காலத்து வறட்சி ஒரு வழி. புழு துளைத்த ஓட்டை இன்னொரு வழி. 2018-இல் கர்நாடகத்தில் முதலில் கண்டறியப்பட்டு அதே ஆண்டில் தமிழ்நாட்டுக்கும் வந்த அமெரிக்கப் படைப்புழு கதிரையும் குடைவதால், அந்த வழி முன்பைவிட அகலமாகிவிட்டது. புழுவைக் கட்டுப்படுத்துவது பூஞ்சாண மேலாண்மையின் ஒரு பகுதி ஆனது இப்படித்தான்.

முற்றிய கதிரிலிருந்து ஒரு மணியைப் பெயர்த்து அதன் அடிநுனியைக் கீறிப் பார்த்தால், சக்கையோடு ஒட்டியிருந்த இடத்தில் கறுப்புப் படலம் தெரியும். அது தெரிந்தபின் மணியில் எடை ஏறாது. அந்நிலையில் ஈரப்பதம் 30 சதவீதத்தைச் சுற்றி இருக்கும். அதற்குமேல் காட்டிலேயே பல வாரம் நிறுத்துவதும், ஒடித்த கதிரை ஈரத்தோடு குவித்துத் தார்ப்பாயால் மூடுவதும் பூஞ்சாணத்துக்கு அடைகாப்பதாகும். சேமிக்கும் மணியின் ஈரம் 13 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும். மீட்டர் இல்லாதவர்களுக்கு ஓர் எளிய சோதனை உண்டு. நன்றாகக் காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மணியைப் போட்டு, ஒரு கரண்டி காய்ந்த தூளுப்பைச் சேர்த்து, மூடிக் குலுக்கிவிட்டுக் கால்மணி நேரம் வைக்க வேண்டும். உப்பு பாட்டில் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். ஒட்டாமல் அடியில் விழுந்துவிட்டால் அதற்குக் கீழே. அப்போதும் மூட்டை கட்டுவதற்குமுன் இரண்டு நாள் வெயில் காட்டுவது பாதுகாப்பு. காயவைப்பதற்குக் களம் இல்லாமல் தார்ச்சாலையில் கொட்டுவோரின் நெருக்கடி எனக்குத் தெரியும். வெறும் மண்ணில் கொட்டுவதை மட்டுமாவது தவிர்க்க வேண்டும். அந்தப் பூஞ்சாணத்தின் இயல்பான இருப்பிடமே மண்தான்.

கடைசியாக ஒன்று. பச்சைப் பூஞ்சாணம் பூத்த கதிர்களை வியாபாரி ஒதுக்கிவிட்டால், அவை பெரும்பாலும் வீட்டு மாட்டுத் தொட்டிக்கோ கோழிக்கோ போய்ச்சேருகின்றன. அஃப்லாடாக்சின் கலந்த தீவனத்தைத் தின்ற கறவை மாட்டின் பாலில், ஒரு நாளுக்குள்ளாகவே அந்த நச்சின் மாற்றுருவம் வந்துவிடுகிறது. அந்தப் பாலைக் காய்ச்சினாலும் அது போவதில்லை, அதைக் குடிப்பது பெரும்பாலும் வீட்டுக் குழந்தைகள். ஒதுக்கிய கதிர்கள் எவ்வளவு இருந்தாலும், மாடு எட்டாத இடத்தில் குழி வெட்டிப் புதைத்துவிட வேண்டும்.